தகப்பன் என்று பெருவிரல் வைத்தவர்

கம்பவுண்டர் பேனாவை மைக்கூட்டில் முக்கி எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளைக்க தகப்பன் ஆரு?"

நாகர்கோவில் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் வராந்தாவில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அம்மா, அம்மாவின் தோளில் என் தம்பி தாணு, பக்கத்து வீட்டுப் பேச்சி, அவள் கணவர் வண்டிக்காரர் சுடலைமுத்து, அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி நான். எனக்கு ஒன்பது வயது இருக்கும். தாணுவுக்கு இரண்டு.

தாணுவின் வலது தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. தோல் பளபளவென்று சிவந்திருந்தது. காலையிலிருந்து அவனுக்குத் தண்ணீர் கூட இறங்கவில்லை. அன்றைக்கே கீறிவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கத்தி வைப்பதென்றால் தகப்பனோ பொறுப்பானவரோ பதிவில் கைநாட்டு வைக்க வேண்டும். அது அங்கே வழக்கம்.

அம்மா தாணுவை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். வராந்தாவில் கழுவிவிட்ட மருந்துத் தண்ணீரின் வாசனை மூக்கை அரித்தது. வெளியே சுடலைமுத்துவின் மாடுகள் தலையை ஆட்டும் மணிச்சத்தம் கேட்டது.

சுடலைமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"நான்தான்," என்றார்.

மையில் பெருவிரலை ஒற்றி, காட்டிய இடத்தில் அழுத்தினார். அழுத்தி எடுத்த விரலை வேட்டியில் துடைக்காமல் தூக்கியபடியே நின்றார். அந்தக் கறுத்த விரல் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அவர் என் தம்பியின் தகப்பன் இல்லை. என் அப்பா உயிரோடு, நல்ல சுகத்தோடு, பூதப்பாண்டி போகும் பாதையில் நடந்துகொண்டிருந்தார். ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வேலிக்கு இரு பக்கம்

எங்கள் ஊர் தோவாளை மலைக்குக் கீழே. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் பாண்டி நாடு. நாங்கள் திருவிதாங்கூர், அவர்கள் பாண்டிக்காரர்கள். நடுவில் ஒரு சவுக்கை உண்டு. வண்டிகளை நிறுத்திச் சோதித்து விடுவார்கள். ஆனி, ஆடியில் காற்று மட்டும் யாரையும் கேட்காமல் உள்ளே வரும். (காற்றைப் பற்றி முன்பு எழுதியபோது, முற்றத்தில் உலர்த்திய சேலை பறந்துபோன கதையை ஒரு வாசகி எழுதி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் பனையோலைப் பெட்டியே பறந்திருக்கிறது.)

அப்படி ஒரு ஆனிக் காற்றில்தான் சுடலைமுத்து வந்து சேர்ந்தார். வண்டி நிறையப் பானையும் பாயும், மேலே பேச்சியும் ஒரு பெண் குழந்தையும். முதலில் கருப்பட்டியும் மிளகாய்வற்றலும் ஏற்றி வந்து போனவர், பிறகு இங்கேயே நெல் ஏற்றும் வேலை கிடைத்துத் தங்கிவிட்டார். எங்கள் தென்னந்தோப்பின் ஓரத்தில் ஒரு ஓலை வீடு. நடுவில் பூவரசங்கம்பு வேலி.

ஊரில் பெண்கள் அவர்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். தாழ்த்திய குரல்தான் பிள்ளைகளின் காதில் நன்றாக விழும். பேச்சி அறுத்துக் கட்டினவளாம். முதல் புருஷன் செத்த பிறகு சுடலைமுத்துவோடு வந்தவளாம். மூத்த பெண் மாடத்தி முதல் புருஷனுக்குப் பிறந்தவளாம்.

"தாலி கெட்டினானா, வெறுதே கூட்டிட்டு வந்தானாண்ணு ஆரு கண்டா?" என்று குளத்தங்கரையில் ஒருத்தி சொன்னாள்.

இந்த ஊரில் ஒரு மாசியில் பேச்சிக்கு ஒரு மகன் பிறந்தான். இசக்கி. அதே மாசியில்தான் எங்கள் வீட்டில் தாணுவும் பிறந்தான்.

வாழைநார்

ஒரே மாதத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் பிறந்தால் யாரும் ஒப்பிடாமல் இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் பத்தாயம் நிறைய நெல், தொழுவத்தில் இரண்டு கறவை. அங்கே கம்பங்கூழ், கருவாடு. ஆனால் இசக்கி தொடையில் மடிப்பு விழுந்து கொழுகொழுவென்று இருப்பான். தாணுவுக்கு மாதம் ஒரு காய்ச்சல், பதினைந்து நாளுக்கு ஒரு வயிற்றுப்போக்கு.

எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. யாரிடமும் கேட்கக் கூச்சம். அதனால் அளந்து பார்த்தேன்.

ஒரு நீளமான வாழைநாரை எடுத்துக்கொண்டேன். தாணு தூங்கும்போது அவன் இடுப்பைச் சுற்றி அரைஞாண் கயிறு கிடக்கும் இடத்தில் நாரைப் பிடித்து ஒரு முடிச்சு. பிறகு வேலிக்குள் நுழைந்து போய், முற்றத்தில் மண்ணைத் தின்றுகொண்டிருக்கும் இசக்கிக்கு இன்னொரு முடிச்சு. இரண்டு முடிச்சுக்கும் நடுவே இரண்டு விரற்கடை. நாரைக் கூரைச் சொருவில் ஒளித்து வைத்தேன். அடுத்த மாதமும் அளந்தேன். இசக்கியின் முடிச்சு தள்ளிப் போயிருந்தது. தாணுவின் முடிச்சு போட்ட இடத்திலேயே நின்றது. அடுத்த மாதமும் அப்படியே.

நான்காவது தடவை பேச்சி என்னைப் பிடித்துவிட்டாள்.

"என்ன தாயி, எம் பிள்ளைக்குச் சட்டையா தைக்கப் போறே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சிரித்து, கையில் ஒரு துண்டு கருப்பட்டியைத் திணித்ததும் கேட்டுவிட்டேன். ஏன் உங்கள் பிள்ளைக்கு மட்டும் நோக்காடு வருவதில்லை?

பேச்சி முறத்தைக் கீழே வைத்தாள்.

"வரலேன்னு யாரு சொன்னா? அங்கிட்டு இருக்கும்போது ரெண்டு பிள்ளையப் புதைச்சிட்டுல்லா வந்திருக்கேன். மாடத்தி ஒருத்திதான் தங்குனா."

"அங்க என்ன செய்தது?"

"அங்க மாமியா, கொழுந்தன், நாத்தனான்னு எட்டு வாயி. ஒருத்தர் மந்திரிக்கச் சொல்லுவாக, ஒருத்தர் கசாயம்பாக. முடிவு வாறதுக்குள்ள பிள்ளை போயிரும். இங்க நானும் இவுகளும்தான். சண்ட போடுவோம். விடியுததுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துருவோம். அம்புட்டுதேன்."

அந்தச் சண்டைகள் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இசக்கிக்கு மூக்கு அடைத்தால் கூட வேலி அதிரும். "அதுகளுக்கு வாய்க்குப் பூட்டு இல்ல," என்று எங்கள் வீட்டில் முகம் சுளிப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள்.

பேச்சி சொன்னதுதான் காரணமா, கம்பங்கூழா, அல்லது அந்தப் பையனின் உடல்வாகே அப்படியா என்று எனக்கு இன்றும் தெரியாது. எங்கள் பள்ளிக்கூட டீச்சர், தாணுவுக்குக் கொதித்த தண்ணீர் கொடுக்காததுதான் காரணம் என்பார். இசக்கி குளத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்.

இரண்டு வீட்டுப் பிள்ளை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக எங்கள் வீட்டு முறையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு அப்போது மருமக்கள் வழி. ஒருவருடைய சொத்துக்கு அவர் பெற்ற பிள்ளைகள் வாரிசு இல்லை, அவருடைய சகோதரியின் பிள்ளைகளே வாரிசு. ஆனால் மனைவியும் பிள்ளைகளும் குடியிருப்பது கணவன் வீட்டில். நாங்கள் படுத்தது அப்பா வீட்டுப் பாயில், உண்டது அப்பா வீட்டுச் சோறு. ஆனால் பூதப்பாண்டியில் இருந்த என் தாய்மாமன் வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் எங்களைச் சொல்வார்கள். அப்பாவுக்கும் தன் வீட்டில் சொல் கிடையாது. வீட்டை நடத்தியவர் அப்பாவின் தாய்மாமன். அவரைக் கார்ணவர் என்போம்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. அப்பாவின் அக்கா, புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்து, எங்கள் வீட்டில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு ராணி மாதிரி இருந்தாள். வேறு முறையில் அவளுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது. சட்டம் மாறிவிட்டது என்று அதற்குச் சில வருடம் முன்பே பேச்சு உண்டு. காகிதத்தில் மாறியது வீட்டுக்குள் வந்து சேர நாளாயிற்று.

அப்பா எங்களிடம் பிரியமாகத்தான் இருப்பார். வயலிலிருந்து வரும்போது மடியில் நாவல்பழம் கொண்டுவருவார். ஆனால் முக்கியமான எதையும் அவரிடம் கேட்டால், "கார்ணவர்ட்ட கேளு மக்கா" என்பார், அல்லது "ஒனக்க மாமா வரட்டும்" என்பார். இந்த இரண்டு பதிலைத் தவிர அவரிடம் மூன்றாவது பதில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

போய் வந்த சேதி

கட்டி முதலில் கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது. வைத்தியர் வந்து பத்துப் போட்டார். வீடெங்கும் வசம்பு வாசனை. மூன்றாம் நாள் அவரே விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது எனக்க கைக்கு அடங்காது. உள்ள பழுத்தாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கத்தி வச்சாத்தான் தீரும்."

கார்ணவர் வெற்றிலையை மடித்தபடி வெகுநேரம் யோசித்தார்.

"கத்தி வைக்கணும்ணா அத நாம சொல்லப்படாது. பிள்ளை அவிய வீட்டுப் பிள்ளை. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுண்ணா பழி ஆருக்கு? பூதப்பாண்டிக்கு ஆள விடு."

ஆள் போனான். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு மட்டி வாழைக் குலையும் போயிற்று. மறுநாள் மாமாவின் பதில் வந்தது.

"அங்க பெரியவிய இருக்கும்ப நான் சொல்லப்படுமா? அவிய பாத்துச் செய்யட்டும்."

மாமா மரியாதைக்குச் சொன்னது அது. செய்யுங்கள் என்பதுதான் அதன் பொருள். கார்ணவர் சொல்லி அனுப்பியதும் மரியாதைதான். வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை. ஆனால் சரி என்ற சொல்லை இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தன.

"சம்மதம்ணு தெளிவாச் சொல்லல்லியே," என்றார் கார்ணவர். ஆள் மறுபடியும் போனான். அதே பதிலோடு, ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு வந்தான்.

ஐந்தாம் நாள் காலையில் தாணுவுக்கு அழக் கூடச் சத்தம் வரவில்லை. கழுத்தைச் சாய்த்துவைத்து வாயால் மூச்சு விட்டான். அம்மா அப்பாவிடம், "நீங்களே போயிட்டு வாங்க. அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க," என்றாள். அப்பா கஞ்சி குடிக்காமல் புறப்பட்டார்.

புறவாசல் வழியாக

அப்பா போய்ச் சிறிது நேரத்தில் பேச்சி வேலியோரம் வந்து நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"என்ன யம்மா இது, இன்னும் வீட்டுலயே வச்சிருக்கீக?"

"அவிய போயிருக்காவ. அண்ணன் சொல்லணும்லா."

"ஒங்க அண்ணனா பெத்தாரு?"

அம்மா தாணுவின் வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

"நான் ரெண்டு பிள்ளைக்கு இப்படித்தான் காத்துக் கெடந்தேன். மூச்சு விடுத சத்தத்தக் கேளுங்க. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்."

கார்ணவரிடம் சொல்லாமல் ஒரு பெண் படி இறங்கினால் திரும்பி ஏறுவது லேசு இல்லை. எங்கள் தெருவிலேயே அப்படி இறங்கி, விலக்கப்பட்டுத் தாய்வீட்டில் இருந்துவிட்ட இருவரை எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது தெரியாதா? அவள் அடுக்களைக்குள் போனாள். அடுப்பை அணைத்தாள். தாணுவைத் துணியில் சுற்றினாள்.

"ஏட்டி, நீயும் வா," என்றாள் என்னிடம்.

புறவாசல் வழியாக இறங்கி, நான் வாழைநாரோடு நுழையும் அதே ஓட்டை வழியாக வேலியைத் தாண்டினோம். நாலு பேருக்கு நடுவில் கூட நிமிர்ந்து நடக்காத என் அம்மா, குனிந்து வேலி நுழைந்ததும் நிமிர்ந்துகொண்டாள். சுடலைமுத்து ஏற்கனவே வண்டியைப் பூட்டியிருந்தார். மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டு வைக்கோல் பரப்பியிருந்தார். இசக்கியை மாடத்தியிடம் விட்டுவிட்டுப் பேச்சியும் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் எதிர்க்காற்று. பேச்சி தன் சேலையால் தாணுவுக்கு மறைப்புக் கட்டினாள். சுடலைமுத்து மாடுகளோடு பேசிக்கொண்டு வந்தார்.

அப்படித்தான் நாங்கள் அந்த வராந்தாவில் போய் நின்றோம். கம்பவுண்டர் கேட்டபோது அம்மா பேர் சொல்லாததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை என்று பின்னால் சொன்னாள். யார் பேரைச் சொல்வது என்று உண்மையிலேயே தெரியவில்லையாம். கார்ணவர் பேரா, அண்ணன் பேரா, அப்பா பேரா?

மாமன்

கீறி எடுத்ததில் ஒரு சிரட்டை நிறையச் சீழ் வந்தது. "நாளைக்குக் கொண்டு வந்திருந்தா மூச்சு அடைச்சிருக்கும்," என்றார் டாக்டரம்மா. யாரையும் திட்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே தாணு இரண்டு கரண்டிப் பால் குடித்தான்.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். நான் வாசலோரம் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். காலெல்லாம் புழுதி. பூதப்பாண்டியிலிருந்து வீட்டுக்கு வந்து, வீடு வெறிச்சென்று கிடப்பதைப் பார்த்துவிட்டு, மாடத்தி சொன்னதைக் கேட்டு ஓடி வந்திருக்கிறார்.

வாசலில் இருந்த ஆள் கையை நீட்டி மறித்தான்.

"ஆரப் பாக்கணும்?"

"ரெண்டு வயசுப் பிள்ளை. தாணு."

"அதுக்குத் தாயும் தகப்பனும் உள்ள இருக்காவளே. கூட்டம் கூடப்படாது. நீரு ஆரு?"

அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். சுடலைமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கட்டோடு தாணு அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவருடைய பெருவிரலில் மை இன்னும் போகவில்லை.

"நான்..." என்று அப்பா நிறுத்தினார். பிறகு, "தாய்மாமன்," என்றார்.

"மாமனா? அப்பம் உள்ள போலாம்."

ஏன் அப்படிச் சொன்னார்? சுடலைமுத்துவின் பொய் வெளியே வந்துவிடக் கூடாது என்றா? பிள்ளையைப் பார்க்க உரிமை உள்ளவன் மாமன்தான் என்று அவர் மனசில் ஊறியிருந்ததா? எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு நாள் துணிந்து கேட்டேன். "வேற ஒண்ணும் வாயில வரல்ல ஏட்டி," என்றார்.

அப்பாவைக் கண்டதும் சுடலைமுத்து பதறி எழுந்தார்.

"அய்யா, தப்பா நெனைக்கப்படாது. கேட்டப்போ எனக்கு வேற வழி தெரியல."

அப்பா தாணுவை வாங்கிக்கொண்டார். கழுத்துக் கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"பயமா இல்லியா வே? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா உம்ம பேருல்லா நிக்கும்?"

"பயந்தான். ஆனா எனக்கு இது புதுசு இல்லய்யா. மாடத்திக்கு அம்மை குத்த வந்தப்பவும் தகப்பன் யாருன்னு கேட்டாக. எம் பேரத்தான் குடுத்தேன். அவ எனக்கா பொறந்தா?"

அம்மா ஒரு மூலையில் இருந்து, "அண்ணன் என்ன சொன்னாவ?" என்று கேட்டாள்.

"கார்ணவர் இஷ்டம்ணாவ," என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். ஐந்தாறு நாளில் அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் தோள்தான் குலுங்கியது.

நான்காம் நாள் வீடு திரும்பினோம். அம்மா வாசல்படியில் ஏறாமல் முற்றத்திலேயே நின்றாள். கார்ணவர் உள்ளேயிருந்து வந்து முதலில் பிள்ளையின் கழுத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"கத்தி வைக்க ஆரு சம்மதம் குடுத்தா?"

சுடலைமுத்து வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மணிச்சத்தம் நின்றது.

"நான்தான்," என்றார் அப்பா.

"நீயா?"

"நான்தானே தகப்பன்."

அதுவும் பொய்தான். கத்தி வைத்தபோது அப்பா அந்தப் பக்கத்திலேயே இல்லை. ஆனால் அந்த வார்த்தையை அவர் வாயால் அதற்கு முன் நான் கேட்டதில்லை. கார்ணவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெற்றிலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒதுக்கினார்.

"அப்பம் மருந்து வாங்கப் போறதும் நீதான், கேட்டியா. நான் ஆள விடமாட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மா படி ஏறினாள்.

இரண்டு மாதம், வாரம் ஒரு நாள், அப்பா நடந்து போய் மருந்து வாங்கி வந்தார். பதிவில் தகப்பன் பேர் சுடலைமுத்து என்று இருந்ததால் அதை மாற்றச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வீட்டிலிருந்து தகப்பனாகப் புறப்படுவார். அங்கே போய் மாமனாக வரிசையில் நிற்பார். கட்டு மாற்றுவதற்குத் தாணுவையும் தோளில் போட்டுக்கொண்டு போவார். அவன் அவர் காதைப் பிடித்து இழுத்தபடி, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பானாம்.

கம்பவுண்டர் தலையைத் தூக்கிப் பார்த்து, "மாமன் வந்தாச்சா?" என்று கேட்பாராம்.

"வந்தாச்சு," என்பாராம் அப்பா.